பெர்த்திலிருந்து பெரிக்கு: ஊருக்குப் போகும் ஆங்கிலேயர்களின் வழியில்

வெள்ளி, பெர்த்

பெர்த் நகரின் வடக்கே ஜூண்டலப்பிலும் தெற்கே ராக்கிங்ஹாமிலும் கடைத்தெருவில் நின்றால் வட இங்கிலாந்தின் லங்காஷயர், யார்க்ஷயர் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழ்வோரில் 9,27,490 பேர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களில் இவர்களே முதலிடம். ஸ்காட்லாந்து, வேல்ஸ்காரர்களின் கணக்கு தனி. இவர்கள் ஊருக்குப் போகும் வழியிலேயே போய், என்ன தேவைப்படும், எங்கே சிக்கும், எதைத் தேடிப் போகிறார்கள் என்று நாள்வாரியாக எழுதுவதாக உத்தேசம். போகிற ஊர் பெரி. மான்செஸ்டருக்கு வடக்கே டிராமில் அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான தூரத்தில் இருக்கும் பழைய பஞ்சாலை நகரம்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை போகிறார்கள்? ஸ்பெயினில் குடியேறியவருக்கு ஊர் இரண்டரை மணி நேரத் தூரம். பேரன் பிறந்தநாளுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பிவிடலாம். பெர்த்காரருக்கு அது நடக்காது. இங்கே சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு வருடத்துக்கு 4 வாரம். பல கம்பெனிகள் கிறிஸ்துமஸுக்குக் கதவை மூடும்போது அதில் ஒரு பகுதி கரைந்துவிடும். இத்தனை காசு கொடுத்துப் போய் இரண்டு வாரத்தில் திரும்ப யாருக்கும் மனம் வராது. எனவே விடுப்பைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றாகிறது. ஒரே முதலாளியிடம் 10 வருடம் வேலை பார்த்தவருக்கு மேற்கு ஆஸ்திரேலியச் சட்டப்படி எட்டே முக்கால் வாரத்துக்குச் சற்றுக் குறைவாக நீண்டகாலப் பணி விடுப்பு உண்டு. அது கைக்கு வரும் வருடம்தான் பெரிய பயணம். பாசம் கூடினாலும் குறைந்தாலும் தேதியைக் குறிப்பது விடுப்புக் கணக்குதான்.

பள்ளிக்கூடம் அடுத்த இடி. இங்கே பெரிய விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. அப்போது இங்கிலாந்தில் நடுக்குளிர். டிசம்பரில் மான்செஸ்டரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். டிக்கெட் விலையும் உச்சத்தில். ஜூலையில் போகலாம் என்றால் இங்கே இரண்டு வார விடுமுறை ஜூலை நடுவாக்கிலேயே முடிந்துவிடும். அங்கே பள்ளி அடைப்பது ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்தில். பெரியப்பா பிள்ளைகளைப் பார்க்கப் போனால் அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். இரண்டு நாட்டு விடுமுறையும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று விழுவது ஏப்ரலில்தான். அதுவும் ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்தது. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு ஏப்ரலே உத்தமம். இந்தப் பயணமும் ஏப்ரல் கடைசியில்தான்.

இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுவது பாஸ்போர்ட். ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விட்டுவிட்டு, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டிலேயே போய்வந்துகொண்டிருந்தார்கள். 2026 பிப்ரவரி 25 முதல் அது செல்லாது. வெளிநாட்டவர் பிரிட்டனுக்குப் போக இடிஏ என்ற மின்னணு முன் அனுமதி வேண்டும். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அது கிடைக்காது. ஆகவே இரட்டைக் குடியுரிமைக்காரர் செல்லுபடியாகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், அல்லது பாஸ்போர்ட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள உரிமைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். குழந்தைகள் விஷயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த தாய்க்கோ தந்தைக்கோ பெர்த்தில் பிறந்த பிள்ளை, யாரும் விண்ணப்பிக்காமலேயே பெரும்பாலும் பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடுகிறது. அதற்கும் இதே விதிதான். முதல் பாஸ்போர்ட் என்றால் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் வரை கேட்பார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் இதை முடியுங்கள். திரும்பி வரும்போது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்பதால் பையில் இரண்டும் இருக்கட்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பின் ஒன்றில் மட்டும் பெயர் மாற்றியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இவர்களின் முந்தைய தலைமுறைக்கு இந்தக் கவலையே இல்லை, திரும்பிப் போகிற பேச்சே இல்லாததால். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த உதவிப் பயணத் திட்டத்தில் பெரியவருக்குக் கட்டணம் 10 பவுண்டு, குழந்தைக்கு இலவசம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் அரசு செலவழித்த கப்பல் காசை முழுதாகக் கட்ட வேண்டும். சூயஸ், ஏடன், கொழும்பு வழியாக வந்த கப்பல்கள் முதலில் தொட்ட ஆஸ்திரேலியத் துறைமுகம் பெர்த்தை ஒட்டிய ஃப்ரிமான்டில். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் இப்படி வந்தார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் திரும்பிப் போனார்கள் என்றும், அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் ஊர் ஒட்டாமல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே வந்தார்கள் என்றும் கணக்கு. பிற்பாடு பிரதமரான ஜூலியா கில்லார்ட் வேல்ஸின் பாரியில் பிறந்து, 1966-ல் குழந்தையாக இப்படி வந்தவர்தான்.

சனி, லண்டன் வழியாக

பெர்த்திலிருந்து லண்டனுக்கு குவான்டஸ் கம்பெனியின் இடைநில்லா விமானம் 2018 மார்ச்சில் தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். மாலையில் ஏறினால் மறுநாள் விடிவதற்குள் ஹீத்ரோ. 1947-ல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு இதே கம்பெனியின் விமானம் நாலு நாள் எடுத்துக்கொண்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வட இங்கிலாந்துக்காரர் லண்டன் வழியாகப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ மாறி நேராக மான்செஸ்டரில் இறங்கலாம். மொத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. லண்டனில் பெட்டியை இழுக்கும் வேலை மிச்சம். இடைநில்லா விமானத்தின் லாபம், நடுராத்திரியில் தூங்கும் குழந்தையை எழுப்பி வேறு விமானத்துக்கு நடத்த வேண்டாம் என்பதுதான். போகும்போது ஹீத்ரோ, திரும்பும்போது மான்செஸ்டர் என்று ஒரே டிக்கெட்டில் போட்டுக்கொள்வது நடுவழி.

ஹீத்ரோவிலிருந்து யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் போக வரைபடம் காட்டும் வழி எலிசபெத் ரயிலில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, அங்கே மாறி யூஸ்டன். பெரிய பெட்டி இருந்தால் இதில் போகாதீர்கள். யூஸ்டன் பாதாள ரயில் நிலையத்தில் தெரு வரை படியில்லாத வழி கிடையாது. அதற்குப் பதில் பிக்காடிலி ரயிலில் ஏறி, மாறாமல் கிங்ஸ் கிராஸில் இறங்கினால் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து யூஸ்டன் சாலையில் பிரிட்டிஷ் நூலகத்தைத் தாண்டி கால் மணி நேரம் சமதரையில் நடை. மெதுவான வழிதான், ஆனால் கட்டணம் குறைவு, முதுகும் தப்பும். டிக்கெட் எடுக்க வேண்டாம். வங்கி அட்டையைக் கதவில் தொட்டால் போதும். உள்ளே போக எதைத் தொட்டீர்களோ அதையேதான் வெளியே வரும்போதும் தொட வேண்டும். போகும்போது போன், வரும்போது அட்டை என்று மாற்றினால், இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும், எந்திரம் அதை இரண்டு அரைகுறைப் பயணங்களாகக் கொண்டு உச்சக் கட்டணத்தை இரண்டு முறை பிடித்துவிடும். ஒரு அட்டையில் ஒருவர் மட்டும்.

யூஸ்டனிலிருந்து மான்செஸ்டர் பிக்காடிலிக்கு 2 மணி 10 நிமிடம் அளவில். முன்பதிவு மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் காசு போனதுதான். விமானத்திலிருந்து நேராக ரயிலேறுபவர் நெரிசலற்ற நேர டிக்கெட் எடுப்பது நல்லது. சனி, ஞாயிறுகளில் அது நாள் முழுக்கச் செல்லும். வார நாளில் விடியற்காலை இறங்கினால் காலை நெரிசல் முடிய ஒன்பதரை மணி வாக்கில் வரை காத்திருக்க வேண்டும். 60 வயது ஆனவருக்கு சீனியர் ரயில்கார்டு மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். பிரிட்டனில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. ஒரு நீண்ட பயணத்திலேயே கார்டின் விலையில் பெரும்பகுதி திரும்பிவிடும். டிசம்பரில் போகிறவர்கள் கவனிக்க: 25-ம் தேதி நாடு முழுக்க ரயில் ஓடாது.

ஞாயிறு, பெரி

மேற்கு நோக்கி 7 மணி நேரம் பின்னால் வந்திருப்பதால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். உடம்புக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள மாலை வெளிச்சம் உதவும். ஏப்ரல் கடைசியில் இங்கே எட்டரை வரை வெளிச்சம் இருக்கிறது, மாலையில் வெளியே நடங்கள். பெர்த்தில் கோடையிலேயே ஏழரைக்குள் சூரியன் அடங்கிவிடும், அந்தி என்று ஒன்று நீடிப்பதே இல்லை. குடியேறியவர்களிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால் பன்றிக்கறி பை, சாக்லேட் என்று ஆரம்பித்து, கடைசியில் பலர் வந்து நிற்பது இந்த நீண்ட சாயங்காலத்தில்தான்.

ஊர்ப் பயணம் பாழாவது பெரும்பாலும் உறவுச் சுற்றால். அக்கா வீடு போல்டனில், அத்தை பிளாக்பூலில், பழைய நண்பன் லீட்ஸில். ஒரு வீட்டுக்குப் போய்வர அரை நாள். டீ, பிஸ்கட், பேச்சு, மறுபடி டீ. பத்து வீடு என்றால் ஒரு வாரம் காரிலேயே போய்விடும். இவ்வளவு தூரம் வந்தவரே இன்னும் ஓட வேண்டும் என்று உறவுகள் எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. அனுபவசாலிகள் செய்வது: வந்த முதல் வாரத்து ஞாயிறு மதியம் ஊரில் ஒரு பப்பின் பின்னறையை மூன்று நாலு மணி நேரத்துக்குச் சொல்லிவைத்து, எல்லோரையும் அங்கே வரச் சொல்லிவிடுவது. சாப்பாடு, குடிக்குக் குறிப்பிட்ட தொகை செலவாகும் என்றால் பல பப்கள் அறை வாடகை கேட்பதில்லை. வர முடியாத வயதானவர்கள் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போனால் போதும். பெற்றோர் காரை ஓட்ட நினைத்தால், காப்பீட்டில் பெயர் சேர்க்க முன்கூட்டியே கேளுங்கள். ஆஸ்திரேலிய உரிமத்தில் 12 மாதம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் எல்லாக் காப்பீட்டுக்காரர்களும் அந்த உரிமத்தை ஏற்பதில்லை.

திங்கள், காகித வேலை

சமையலறை மேசையில் இன்று பழைய நோட்டுகள். ஊரிலிருந்து திரும்பும்போது மிஞ்சிய பவுண்டுகளை ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை எடுத்து வந்து கடையில் நீட்டுவது குடியேறியவர்களின் நிரந்தர வழக்கம். காகித 5 பவுண்டு 2017 மே மாதமும், 10 பவுண்டு 2018 மார்ச்சிலும், 20, 50 பவுண்டுகள் 2022 செப்டம்பர் 30-லும் செல்லாமல் போயின. பழைய வட்ட ஒரு பவுண்டு நாணயம் 2017 அக்டோபரோடு சரி. நோட்டை எறிந்துவிட வேண்டாம். இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டையும் காலவரையின்றி மாற்றித் தரும். லண்டன் திரெட்நீடில் தெருவுக்கு நேரில் போகலாம், தபாலிலும் அனுப்பலாம்.

போன் எண்ணும் அதே போலத்தான். பிரிட்டிஷ் வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஓடிபி வரப் பிரிட்டிஷ் எண் வேண்டும். ப்ரீபெய்டு சிம்மை ஆறு மாதம் போலத் தொடாமல் விட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் துண்டித்துவிடும். நாட்காட்டியில் குறித்து வைத்து, ஐந்து மாதத்துக்கு ஒருமுறை காசு போகிற ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் எண் பிழைக்கும்.

முக்கியமான வேலை, பெற்றோர் சார்பில் முடிவெடுக்கப் பிள்ளைக்கு அதிகாரம் தரும் நிரந்தர அதிகாரப் பத்திரம். அம்மாவுக்கு மறதி முற்றிய பிறகு பெர்த்திலிருந்து அவர் வங்கிக் கணக்கையோ மருத்துவ முடிவையோ கையாள, இந்தப் பத்திரம் இல்லாவிட்டால் நீதிமன்றம்தான் வழி. செலவும் காலமும் பல மடங்கு. பத்திரம் இரண்டு வகை: சொத்து-பணம் ஒன்று, உடல்நலம்-பராமரிப்பு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், இரண்டையும் எழுதுவதே புத்திசாலித்தனம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் அதிகாரம் பெறலாம். ஆனால் மையால் கையெழுத்து வேண்டும், அதுவும் வரிசை தவறாமல். முதலில் பெற்றோர், சாட்சி முன்னிலையில். அடுத்து சான்றளிப்பவர்: குறைந்தது இரண்டு வருடப் பழக்கமுள்ளவர், அல்லது டாக்டர், வக்கீல் போன்றவர், குடும்பத்தினர் கூடாது. அதன் பின்புதான் அதிகாரம் பெறுகிறவர்கள், அவர்களுக்கும் சாட்சி வேண்டும். பெற்றோர் கையெழுத்துக்கு அதிகாரம் பெறும் பிள்ளையே சாட்சி போட்டாலோ, தேதி வரிசை மாறினாலோ விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் நீங்கள் பெர்த்தில் இருப்பீர்கள், தாள் தபாலில் அலையும். பதிவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வந்த முதல் வாரத்திலேயே கையெழுத்தை முடித்து அனுப்புங்கள்.

ஓய்வூதியத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பிரிட்டனுக்குள் ஆண்டுதோறும் உயரும். அமெரிக்காவிலோ ஸ்பெயினிலோ குடியிருந்தாலும் உயரும். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்தில் இருந்தால் வாங்கத் தொடங்கிய அன்றைய தொகையிலேயே உறைந்து நிற்கும். (லண்டனில் உழைத்து ஓய்வு பெற்று சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிய தமிழர்களுக்கும் இதே கதைதான். இந்தியாவும் இலங்கையும் உறைந்த பட்டியலில் உள்ளவை.) 2010-ல் வாரம் 97.65 பவுண்டு முழு அடிப்படை ஓய்வூதியத்தோடு பெர்த்தில் ஓய்வு பெற்றவர் இன்றும் அதையே வாங்குகிறார். அவரோடு ஒன்றாக வேலை பார்த்து ஊரிலேயே தங்கியவர் 2025-26-ல் வாங்கியது 176.45. இதை எதிர்த்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2010-ல் தோற்றது. சலுகை என்னவென்றால், உறைந்த ஓய்வூதியக்காரர் ஊருக்கு வந்து தங்கும் நாட்களுக்கு உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். தானாக வராது, வந்த தேதி, போகும் தேதியைச் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு 2025-26-ல் வாரம் 78.80 பவுண்டு கூடியிருக்கும். விமானக் கட்டணத்துக்குக் காணாது, ரயிலுக்குக் காணும்.

செவ்வாய், மழை

வெளியே போக வழியில்லை. நாட்களை எண்ணுவது பற்றி எழுத நல்ல நேரம்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று மாதம் வந்து தங்குபவர்கள் வரிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். 2013 ஏப்ரல் முதல் பிரிட்டனில் வரிக்குக் குடியிருப்பாளரா என்பதற்குச் சட்டப்படி ஒரு சோதனை உண்டு. முந்தைய மூன்று வரி ஆண்டிலும் குடியிருப்பாளராக இல்லாதவர், ஒரு வரி ஆண்டில் 46 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கேள்வியே இல்லை. அண்மையில் நாட்டை விட்டவருக்கு அந்த வரம்பு 16 நாள். அதற்கு மேல் போனால், நாட்டோடு எத்தனை 'பிணைப்பு' இருக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் வகையினருக்கு 46 முதல் 90 நாள் வரை 4 பிணைப்பு, 91 முதல் 120 வரை 3, அதற்கு மேல் 182 வரை 2 இருந்தால் குடியிருப்பாளர். தங்க வீடு இருப்பது ஒரு பிணைப்பு. பெற்றோர் வீடும் அதில் சேரலாம், ஆண்டில் 16 இரவு அல்லது அதற்கு மேல் அங்கே படுத்திருந்தால். நாள் என்பது நள்ளிரவில் நாட்டுக்குள் இருப்பது. எனவே வந்த நாள் கணக்கில் வரும், போன நாள் வராது. வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குவதால், மார்ச் நடுவில் வந்து ஏப்ரல் கடைசியில் போகிறவரின் நாட்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்துவிடும். நீண்ட நாள் தங்குபவர்கள் வேண்டுமென்றே இப்படித் தேதி வைக்கிறார்கள்.

எதிர்பாராத பயணம் ஒன்று உண்டு, சாவுக்கு வருவது. நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்தால் அடுத்த விமானத்தைப் பிடிக்கத் தோன்றும். இங்கே அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும். மருத்துவப் பரிசோதகர் சான்று, பதிவு, எரிமயான நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். அன்றைக்கே ஓடிவந்து, அடக்கத்துக்கு முன்பே விடுப்புத் தீர்ந்து திரும்பியவர்கள் உண்டு. தேதி உறுதியான பின் டிக்கெட் போடுங்கள்.

புதன், சந்தை

பெரி சந்தை முழுதாகக் கூடுவது புதன், வெள்ளி, சனி. ஊருக்கு வந்த லங்காஷயர்காரர் முதலில் தேடி வருவது பிளாக் புட்டிங் கடையை. பன்றி ரத்தம், பார்லி, ஓட்ஸ், கொழுப்புத் துண்டு, மசாலா சேர்த்துக் குடலில் அடைத்தது. குதிரை லாட வடிவில் வளைத்துக் கட்டியிருக்கும். மற்ற ஊர்களில் வட்டமாக நறுக்கிப் பொரிப்பார்கள். இங்கே வெந்நீரில் கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து, நெடுக்காகக் கத்தியால் கீறி, பிளந்த இடத்தில் கடுகு விழுதைத் தடவித் தாளில் வைத்துக் கொடுக்கிறார்கள். வினிகர் ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஆவி அடங்குவதற்குள் மரக் கரண்டியால் தின்ன வேண்டும். ஆறினால் கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டும். கொழுப்பு வேண்டாதவருக்கு அது குறைத்த வகை தனியாக உண்டு. பக்கத்துக் கடையில் லங்காஷயர் சீஸ், உதிரும் வகை, முழுக்கொழுப்பு வகை, காரமேறிய பழைய வகை. சுவைத்துப் பார்க்கத் துண்டு தருவார்கள்.

இவற்றில் எதைப் பெர்த்துக்குக் கொண்டுபோகலாம்? இறைச்சி எதுவும் வேண்டாம். பிளாக் புட்டிங், பை, சாசேஜ் எல்லாம் பிடிபட்டால் குப்பைக்குத்தான். சீஸ், கடையில் கட்டிய சொந்த உபயோக அளவு என்றால் அறிவித்துவிட்டுக் கொண்டுபோகலாம். மூல நாட்டில் கோமாரி நோய் இல்லை என்பதே அளவுகோல், ஆதலால் புறப்படும் வாரத்தில் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மசித்த பட்டாணிக்கு உலர் மாரோஃபேட் பட்டாணி வாங்குவதைவிட டின் வாங்குவதே தொந்தரவில்லாதது. காய்ந்த பட்டாணி விதை என்பதால் கவுன்டரில் கேள்வி கூடும்.

டீயைப் பற்றி ஒரு சர்ச்சை ஓயாது: அதே டீத்தூள் பை, அதே பால், பெர்த்தில் ஏன் அந்த ருசி இல்லை? காரணம் தண்ணீர். மான்செஸ்டருக்கு 1894 முதல் லேக் மாவட்டத்துத் தர்ல்மியர் ஏரித் தண்ணீர் குழாயில் வருகிறது, மிக மென்மையானது. பெர்த்தில் நிலத்தடி நீரும் கடலிலிருந்து உப்பு நீக்கிய நீரும் கலந்து வரும், நிலத்தடி நீர் அதிகம் வரும் பேட்டைகளில் கடினத்தன்மை கூடுதல். கடின நீரில் டீ கலங்கி மேலே ஆடை படியும். ஊரில் குடித்த பையையே மூட்டை கட்டாமல், கடின நீருக்கென்று தனியாகக் கலந்து விற்கும் யார்க்ஷயர் டீயை வாங்கினால் ஓரளவு நெருங்கலாம். கேட்பரி சாக்லேட்டை மூட்டை கட்டுவதில் தப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவில் விற்பது பெரும்பாலும் டாஸ்மேனியாவில் செய்தது, பாலே வேறு. ரொட்டியில் தடவும் ஈஸ்ட் விழுதான மார்மைட் வேண்டுமென்றால் மூட்டை வேண்டாம், 'அவர் மேட்' என்ற பெயரில் அங்கேயே விற்கிறார்கள்.

சந்தையை விட்டு வெளியே வந்தால் ஏமாற்றம் தொடங்கும். மனதில் இருக்கும் கடைத்தெரு, கப்பலேறிய வருடத்தோடு நின்றுபோன கடைத்தெரு. இங்கிலாந்தின் வூல்வொர்த்ஸ் 2009 ஜனவரியோடு மூடியாகிவிட்டது (ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் இருப்பது வேறு கம்பெனி). பிஎச்எஸ் 2016-ல், டெபென்ஹாம்ஸ் 2021-ல், வில்கோ கடைகள் 2023-ல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருபவருக்கு இது பழகிவிடுகிறது, பத்து வருடம் கழித்து வருபவர் நிஜமாகவே வழி தவறுகிறார்.

வியாழன், ஹோல்கம் குன்று

பெரியில் பிறந்து பிரதமரான ராபர்ட் பீலுக்கு 1852-ல் எழுப்பிய கோபுரம் ராம்ஸ்பாட்டம் ஊரின் மேல் ஹோல்கம் குன்றில் நிற்கிறது. ஊரிலிருந்து ஏறி இறங்க இரண்டரை மணி நேரம் போதும். 287-ம் எண் ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் பாதை தெளிவாக இருக்கும். பாதை தனியார் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகிறது. மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நிலத்துக்காரர் மறிக்க முடியாது, சட்டம் கொடுத்த வழியுரிமை. மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலியைக் கண்டால் நின்றுவிட வேண்டியதுதான். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, வேலியேறு படிகளைத் தாண்டி, மாலை வரை காரே இல்லாமல் நடக்கலாம் என்பது அங்கே கிடைக்காத ஒன்று. சரிவின் கீழே மரங்களுக்கடியில் நீலமணிப் பூ விரிந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை மட்டும் இருக்கும். மரங்கள் இலை மூடி நிழல் விழுந்ததும் முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் இருபது வருடம் இதைப் பார்க்காமலே கழித்துவிடுகிறார்கள்.

பூட்ஸில் ஒட்டிய ஆட்டுச் சாணி கலந்த சேற்றை இன்றே கழுவிவிடுவது நல்லது. பிரஷ் போட்டு, பல்லிடுக்கு வரை, காய்ந்தால் கல்லாகிவிடும்.

சனி, மூன்று மணி ஆட்டம்

இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை மூன்று மணிக் கால்பந்து ஆட்டங்களை நேரலையாகக் காட்டக் கூடாது. 2:45 முதல் 5:15 வரை தடை. சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வெளிநாட்டுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, மான்செஸ்டரில் இருக்கும் அண்ணன் பார்க்க முடியாத ஆட்டத்தைப் பெர்த்தில் இருக்கும் தம்பி ராத்திரி பத்து மணிக்குச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறான். ஆட்டம் அவனுக்குக் குறைவில்லை. குறைவது அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை: பப்பில் கூடுவது, மைதானத்துக்குக் கூட்டமாக நடப்பது, இடைவேளையில் தின்னும் இறைச்சிப் பை, நடுவரைத் திட்டுவது.

பெரி கிளப் 1885-ல் தொடங்கியது. கடன் தொல்லையால் 2019-ல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது; கிக் லேன் மைதானம் பூட்டிக் கிடந்தது. ரசிகர்கள் அதை மீட்டு, 2023-ல் மறுபடி ஆட்டத்துக்குத் திறந்து, பல படி கீழே உள்ள லீக்கில் ஆடுகிறார்கள். கீழ் லீக்கின் அனுகூலம், டிக்கெட் மலிவு, பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை. பெரிய கிளப் ஆட்டம் வேண்டுமென்றால் உறுப்பினர் அட்டை எடுத்து மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். டிவிக்காக ஆட்டத் தேதி மாறும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் ஆட்டத்தை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்.

பப்பில் கைப்பம்பு பீர் 11 முதல் 13 டிகிரி குளிரில் வரும். பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதனால்தான் இதைப் பெர்த்துக்கு ஏற்றுமதி செய்ய முடியவில்லை. பாட்டிலில் அதே பெயரில் வருவது வேறு பீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, மான்செஸ்டர் விமான நிலையம்

பெட்டியில் சீஸ், டீ, சாக்லேட், டின்களை ஒரே பையில் சேர்த்து மேலாக வையுங்கள். அங்கே திறந்து காட்ட வேண்டியிருக்கும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எகானமி வகுப்பில் பிரிட்டிஷ் விமானப் பயண வரி கிடையாது. டிக்கெட்டில் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

செவ்வாய், பெர்த்

அறிவிப்பு அட்டையில் உணவு இருக்கிறதா என்பதற்கு 'ஆம்'. பண்ணை, பண்ணை விலங்கு, காட்டுப் பகுதிக்குக் கடந்த 30 நாளில் போனீர்களா என்பதற்கும் 'ஆம்', மேய்ச்சல் நிலத்தில் நடந்திருக்கிறீர்கள். ஆம் போட்டால் கொஞ்ச நேரம் போகும், அவ்வளவுதான். இல்லை போட்டுப் பெட்டியில் பன்றிக்கறி பை கிடைத்தால் அந்த இடத்திலேயே அபராதம். அதிகாரி முதலில் கேட்பது பூட்ஸைத்தான். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார், சேறு இருந்தால் உள்ளே எடுத்துப் போய்க் கழுவித் தருவார்கள். வரியில்லாமல் பெரியவர் ஒருவருக்கு 900 டாலர் வரைப் பொருள், 2.25 லிட்டர் மது.

கிழக்கு நோக்கி வந்ததால் தூக்கம் சரியாக ஒரு வாரம் ஆகும். மறுநாளே வேலைக்குப் போகும்படி திட்டமிட வேண்டாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் கவனிக்க: விமான நிறுவனங்கள் இருக்கைகளைச் சுமார் 11 மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு விடுகின்றன. டிசம்பர் மூன்றாம் வாரத்து மலிவு இருக்கைகள்தான் முதலில் தீரும். முதலாளியிடம் விடுப்பைக் கேட்டு வைக்க ஜனவரியே தாமதமில்லாத மாதம்.